திக்குவாயனிடம் வந்த வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய குழந்தை, தாயின் குரலை முதன்முதலாகக் கேட்டுக் கண்ணை அகல விரிக்கிறது. தாய் அழுகிறார். கீழே 'கடவுள் செய்த அதிசயம்' என்று போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தைக் கத்தரித்து எங்கள் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆகையால் இதைப் புகார்க் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் படம் எடுத்த மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை யாராவது எழுத வேண்டும். பேசச் சொன்னால்தான் எனக்கு வராது, எழுத வரும்.

நான் திக்குவாய்க்காரன். வயது 67. ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், ரயில் பெட்டியின் கூட்டைக் கட்டும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து 2018-இல் ஓய்வுபெற்றேன். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் சத்தம். அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. கையை உயர்த்தினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் திருப்பு. எல்லோரும் ஊமைகளாக இருந்த இடத்தில் நான் மற்றவர்களைப் போலவே இருந்தேன்.

வெளியில்தான் தொல்லை. ப, க, த மூன்றும் என் தொண்டையில் பூட்டுப் போட்டுக்கொள்ளும். புரசைவாக்கத்தில் இறங்க வேண்டியவன் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்த நாட்கள் எத்தனையோ. உயிரெழுத்தில் தொடங்கும் ஊர் என்பதால். ஹோட்டலில் பொங்கலுக்கு ஆசைப்பட்டு இட்லி சாப்பிட்டே நாற்பது வருடம் ஓட்டியவன் நான். சிறுவயதில் அப்பா நாக்கின் கீழ்க் கூழாங்கல் வைத்துப் பேசச் சொன்னார். பாட்டி வசம்பை உரசித் தடவினார். கல்லை இரண்டு முறை விழுங்கியதுதான் மிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி எனக்காகப் பேசினாள். கடைக்காரர், வாடகை வீட்டுக்காரர், மகளின் பள்ளி, மாவட்ட மருத்துவர் எல்லோரிடமும் அவள்தான். 2017-இல் அவள் போனபோது என் வாயும் அவளோடு போய்விட்டது என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி.

எங்கள் பேத்தி 2020 மார்ச்சில், ஊரடங்கு அறிவிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பிறந்தாள். பிறந்த குழந்தைக்குச் செய்யும் செவித்திறன் பரிசோதனை அந்தக் குழப்பத்தில் விட்டுப்போனது. 2021 தீபாவளியன்று எதிர்வீட்டு வாசலில் சரவெடி போட்டார்கள். தெருநாய் கட்டிலுக்கு அடியில் வந்து ஒளிந்தது. இருபது மாதக் குழந்தை அதே கட்டிலின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். இமை அசையவில்லை. நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதங்களை வீணாக்கினோம். "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும்" என்றார்கள். என்னோடு ஷெல் பிரிவில் இருந்த நண்பர், தீவிர முருக பக்தர், "புலவர் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. திருச்செந்தூர் சன்னதியில் வாய் திறந்தார், பாட்டாகவே கொட்டியது" என்றார். எங்கள் கிறிஸ்தவப் பக்கத்திலும் குறைவில்லை. வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒருவர், ஆபரேஷன் செய்வது அவிசுவாசம், எண்ணெய் பூசினால் செவி திறக்கும் என்றார். ஸ்ரீவைகுண்டத்துக் குழந்தையான அந்தக் குமரகுருபரருக்காகத் திருச்செந்தூர் வரை போய் நோன்பிருந்த தாய் தகப்பனை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

2022 ஜனவரியில் பெரா பரிசோதனை. குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் வயர்களை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. பதில் இல்லை. சாதாரண காது மெஷினைச் சில மாதம் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. உள்காது நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும். அதற்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டுவதுதான் வழி என்றார்கள். காக்ளியர் இம்பிளான்ட். வெளியில் செய்துகொண்டால் பல லட்சம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த வகையில் இந்த அரசாங்கத்துக்கு, எந்தக் கட்சி என்று பார்க்காமல், என் நன்றி.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் புண் ஆறிய பிறகு வெளிக்கருவியை மாட்டி இயக்கினார்கள். உங்கள் படத்தில் அந்தக் குழந்தை பார்த்த பார்வையை எங்கள் குழந்தை பார்க்கவில்லை. அலறினாள். கருவியைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டரை ஆண்டு அமைதிக்குப் பிறகு திடீரென்று ஒலி வந்தால் யார்தான் அலறமாட்டார்கள்? "இன்றுதான் அவளுடைய காது பிறந்திருக்கிறது. பிறந்த குழந்தையிடம் எப்படி ஓயாமல் பேசுவோமோ அப்படிக் காலை முதல் இரவு வரை பேசுங்கள்" என்றார் பயிற்சி தரும் அம்மையார். பிறகு கேட்டார்: "பகலில் குழந்தையோடு யார் இருப்பார்கள்?"

மருமகன் வண்டி ஓட்டுகிறார். மகள் துணிக்கடையில் நிற்கிறாள்; ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் போகும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த காது படத்தைப் பார்த்தேன்.

பயிற்சிக்கு முதலில் கொடுத்த சொற்பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பால், பந்து, பழம், பாப்பா, பூ, பஸ். குழந்தைகளுக்கு உதட்டெழுத்து எளிதாம். என் ஜன்ம விரோதியான 'ப' அங்கே வரிசை கட்டி நின்றது.

அன்றிரவு மொட்டைமாடியில் நான் கடவுளோடு சண்டை போட்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், ஜெபம் என்று சொன்னால் பொய். ஊரில் எத்தனையோ வாயாடிகள் இருக்க, ஒரு செவிட்டுக் குழந்தைக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கத் திக்குவாயனைத் தேடிப்பிடித்தது என்ன நியாயம் என்று கேட்டேன். மனதுக்குள்தான் கேட்டேன். மனதுக்குள் எனக்குத் திக்காது.

பைபிள் தெரிந்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். யாத்திராகமம் நான்காம் அதிகாரம். எரியும் முட்செடியின் முன் மோசே நிற்கிறார். எகிப்துக்குப் போய் அந்நாட்டு மன்னன் பார்வோனிடம் பேசு என்கிறார் கடவுள். நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார் மோசே. வாயை உண்டாக்கியவர் யார், ஊமையனையும் செவிடனையும் உண்டாக்கியவர் யார் என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். என் வாயும் என் பேத்தியின் காதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஐம்பது வருடமாகப் படித்த வசனம். 'செவிடனையும்' என்ற சொல் அங்கே இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. கோபம்தான் வந்தது. மோசேக்கும் ஆறுதல் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும், வேறு யாரையாவது அனுப்பும் என்றுதான் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி. என்னைவிடப் பெரியவர்.

ஒரு முறை இதைப் பற்றிப் பிரசங்கித்த ஒருவர், புதிய ஏற்பாட்டில் ஸ்தேவான் மோசேயை வாக்கிலும் வல்லவர் என்று சொல்வதைக் காட்டி, மோசே சும்மா சாக்குச் சொன்னார் என்று விளக்கினார். சரளமாகப் பேசுகிறவர்கள் எங்களைப் பற்றி அப்படித்தான் நினைப்பார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கடவுள் அந்த நாக்கைக் குணமாக்கியதாக அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. கையில் குஷ்டத்தை வரவழைத்து மாற்றுகிறார், கோலைப் பாம்பாக்குகிறார். நாக்கைத் தொடவில்லை. அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார், அவ்வளவுதான். அந்தச் சரளமான ஆரோன்தான், தம்பி மலைக்குப் போன சமயத்தில், மக்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டி செய்தவர் என்பது வேறு கதை. பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமமோ ஏறக்குறைய முழுவதும் மோசேயின் பேச்சு. பேச வராது என்றவரின் பேச்சு ஒரு முழுப் புத்தகத்தை நிரப்பியிருக்கிறது. எத்தனை இடத்தில் திக்கினார் என்று எழுதியவர் குறித்து வைக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காலை ஆறரைக்குக் குழந்தைக்குக் கருவியை மாட்டினேன்.

தினமும் முதல் வேலை ஆறு ஒலிகள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒலி கேட்டால் அவள் ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த ஆறு போதும். அத்தனையும் எனக்குத் தடையில்லாமல் வரும்! அன்றைய தினத்தில் நான் நிம்மதியாகப் பேசும் ஒரே நேரம் அது. பிறகு பால், பந்து தொடங்கும்.

ஒரு விஷயம் என்னைக் காப்பாற்றியது. இந்தப் பயிற்சியில் குழந்தைக்கு எதிரே உட்காரக் கூடாது. கருவி இருக்கும் பக்கமாக, அவள் தோளோடு தோளாக உட்கார்ந்து, காதருகே பேச வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. என் வாழ்நாளில் யாரும் என் வாயைப் பார்க்காமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. 'ப' வில் பூட்டு விழும்போது முகம் கோணும், கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் இருப்பவரின் பார்வை நழுவும். அந்தப் பார்வைதான் பாதி வியாதி. அவள் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் பந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொல் வரும்வரை அவளும் காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் ஏதும் இல்லை.

என் திக்கல் அவளுக்குத் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து, எழுதித்தான் பயிற்சி அம்மையாரிடம் கேட்டேன். திக்குவாய் கேட்டுத் தொற்றுவதில்லை ஐயா என்றார். இன்னொன்றும் சொன்னார்: பெரும்பாலான வீடுகளில் குழந்தை பதில் சொல்ல இடம் விடாமல் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள், நீங்கள் நிறுத்துகிறீர்கள், அவள் அந்த இடைவெளியில் வாய் திறக்க முயற்சி செய்கிறாள். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. நான் எடுத்துக்கொண்டேன்.

அறையில் மற்றச் சத்தம் இருக்கக் கூடாது என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்ய வேண்டும். 2023 மே மாதம், அயனாவரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அக்னி நட்சத்திரம், மின்விசிறி இல்லாமல் "ப... ப... பழம்". வியர்வை பட்டால் கருவி பழுதாகும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் தலையைத் துடைப்பேன். இரவில் ஈரத்தை உறிஞ்சும் உருண்டைகள் போட்ட டப்பாவில் கருவியை வைத்து மூட வேண்டும். வெளிச்சுருளில் ஒரு காந்தம் உண்டு. தோலுக்கு உள்ளே இருக்கும் காந்தத்தோடு அதுதான் பிடித்துக்கொண்டிருக்கும். விளையாட்டில் கழன்றால் இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் முக்கால் மணிநேரம் வீடு முழுக்கத் தேடி, பீரோவின் பக்கவாட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். நாற்பது வருடம் இரும்போடு வேலை செய்தவனுக்கு முதலில் அங்கே தேடத் தோன்றவில்லை.

பாட்டில் திக்காது என்பது திக்குவாயர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே சமையலைப் பாட்டாகப் பாடினேன். அரிசி களைகிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன், குக்கர் வைக்கிறேன் எல்லாம் ஞாயிறு ஆராதனைக் கீர்த்தனை மெட்டில். எங்கள் ஆயர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான்காவது மாதம் ஒருநாள் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுக்களைப் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலைத் தன் காதில் வைத்தாள். பயிற்சியில் ஒலி கேட்டதும் அப்படிக் காட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று விசில், மூன்று முறையும் காட்டினாள். அன்று சாதம் குழைந்துவிட்டது.

குமரகுருபரர் கதை சொன்ன நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைத் திட்டத்தான் போனேன். வீணாய்ப்போன இரண்டு மாதத்துக்குக் கணக்குக் கேட்க. வார்த்தை வராமல் நின்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பி வந்துவிட்டார். அன்று முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் பேத்தியோடு பேசினார். மனிதர் வாய் ஓயாத பேர்வழி. தொழிற்சாலையில் அவரைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்கள். முருகன், மாம்பழம், மயில், தண்ணீர் லாரி, கிரிக்கெட், விலைவாசி எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் இன்று பேசும் தமிழில் பாதி அவருடையது. அவள் 'ஐயையோ' என்று கையை உதறுவது அப்படியே அவர்.

'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று எங்களிடம் சொன்னவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். வாசலில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அந்த வாக்கியத்தை என் நண்பர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படம் போடும்போது கீழே சில வரிகள் கூடுதலாகச் சேருங்கள். பிறந்ததும் செவிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பேச்சு தாமதமானால் ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டாம், மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் காலம் அதற்குள் ஓடிவிடும் என்று எழுதுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வருடக்கணக்கில் பயிற்சி உண்டு என்று எழுதுங்கள். பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலர் பாதியில் நின்றுபோனதை என் கண்ணால் பார்த்தேன். கருவி தலையில் இருக்கிறது, வீட்டில் பேச ஆளில்லை. வாரத்தில் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து வர முடியவில்லை. ஒரு கேபிள் அறுந்தால் வாங்கப் பணமில்லாமல் மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கிறது கருவி. அந்த வீடுகளுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கும். அங்கே வாய் ஓயாத யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பேத்தி 2025 ஜூனில் சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். ழகரம் இன்னும் சரியாக வரவில்லை. அயனாவரத்தில் யாருக்கு வருகிறது? கூட்டத்தில் பேசினால் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறாள். கணக்கில் கெட்டி. எனக்குத் திக்குவாய் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஹோட்டலில் பொங்கல் கேட்டேன். நேரம் பிடித்தது, ஆனால் பொங்கல்தான் வந்தது.

பேத்தி பெரியவளாகித் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளட்டும் என்பதால் எங்கள் பெயரை வெளியிட வேண்டாம். முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கடிதம் உண்மைதானா என்று உறுதிசெய்ய அழைப்பதானால் காலை பத்து மணிக்கு மேல் அழையுங்கள். மணி அடித்ததும் எடுத்துவிடுவேன். 'ஹலோ' என்று சொல்லச் சற்று நேரமாகும். இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். தொழிலாளி,
அயனாவரம், சென்னை